லாம்டா 1.06: ஹெடர் மாற்றிய கார் புகைச் சோதனையில் விழுந்தது ஏன்?

வண்டி 2014-ல் பதிவான 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். நான்கு சிலிண்டர், பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி) ரகம். பார்க்க நல்ல நிலையில்தான் இருந்தது. ஐடிலிங் சீராக ஓடியது, பிக்கப்பில் குறை தெரியவில்லை, டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியவில்லை. ஆனாலும் புகைச் சோதனை மையத்தில் சான்றிதழுக்குப் பதில் நிராகரிப்புச் சீட்டுதான் வந்தது. வெளியில் தெரியும் ஒரே மாற்றம் பின்னால் தொங்கும் பெரிய வாய் வைத்த சைலன்சர். உரிமையாளரும் மெக்கானிக்கும் பழியைத் தூக்கி அதன் மேல் போட்டார்கள். சைலன்சர் மாற்றிய வண்டிகளில் இப்படித்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள், இப்படித்தான் தவறான இடத்தைத் தேடுகிறார்கள். கீழே வரும் அளவுகள் இந்த மாதிரி அமைப்போடு வரும் கார்களில் வழக்கமாகக் காணும் அளவுகள். உங்கள் வண்டியில் எண்கள் சற்று மாறலாம், அவற்றைப் படிக்கும் முறை மாறாது.

வண்டியில் என்னென்ன மாறியிருந்தன

கம்பெனி அமைப்பில் இந்தக் காருக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்) கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் (புகையின் நச்சு வாயுக்களை மாற்றும், உள்ளே தேன்கூடு போன்ற கட்டி வைத்த பெட்டி) ஒரே துண்டு. சிலிண்டர் ஹெட்டில் இருந்து ஒரு சாண் தூரத்திலேயே கன்வெர்ட்டர் ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முதல் சென்சார் பெட்ரோல் கலவையைத் திருத்த, இரண்டாவது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க. 2013 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.4 பெட்ரோல் கார்களில் ஓ.பி.டி.-2 (வண்டியே தன் கோளாறைக் கண்டறியும் அமைப்பு) கட்டாயம் என்பதால் இந்த இரட்டைச் சென்சார் அமைப்பு இருக்கும்.

அதைக் கழற்றிவிட்டு 4-2-1 ஹெடர் போட்டிருந்தார்கள். அதாவது நான்கு குழாய் இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் வகை. முதல் சென்சாருக்கான நட்டை ஒன்றாம், நான்காம் சிலிண்டர்கள் சேரும் கிளைக் குழாயில் வெல்டு செய்திருந்தார்கள். ஹெடருக்கும் நடுக் குழாய்க்கும் இடையில் ஒன்றுக்குள் ஒன்று செருகி கிளாம்ப் போட்ட இணைப்பு. அதற்கப்புறம், தரைக்குக் கீழே, ஹெட்டில் இருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் தள்ளி, சதுர அங்குலத்துக்கு 200 துளை கொண்ட 'ஸ்போர்ட்ஸ்' கன்வெர்ட்டர். கம்பெனி கன்வெர்ட்டர்களில் இது பொதுவாக 400 முதல் 600 வரை இருக்கும். பின் சென்சாரை நேராகக் குழாயில் மாட்டாமல், நடுவில் ஒரு ஸ்பேசர் (சிறு இடைக்குழாய்) வைத்துத் தள்ளி மாட்டியிருந்தார்கள். எஞ்சின் விளக்கு எரியாததன் ரகசியம் இதுதான். கடைசியில் நேர்க்குழாய் சைலன்சர், நான்கு அங்குல வாய்.

ரிமேப் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) செய்யவில்லை என்று சொன்னார்கள். ஓ.பி.டி. கருவியில் பார்த்ததும் அதற்கு ஒத்தே இருந்தது.

சீட்டில் இருந்த எண்கள்

பி.எஸ்.4, பி.எஸ்.6 பெட்ரோல் கார்களுக்கு வரம்பு ஒன்றே. ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். அடுத்து ஆக்சிலரேட்டரை அழுத்தி 2,500 ஆர்.பி.எம்.மில் (200 கூடக்குறைய) பிடித்துக்கொண்டு இன்னொரு சோதனை. அதில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள், லாம்டா (கலவையில் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் இருந்தால் 1 காட்டும் எண்) 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் இருக்க வேண்டும். கம்பெனி வேறு லாம்டா அளவு அறிவித்திருந்தால் அது செல்லும்.

இந்த வண்டிக்கு வந்தவை: ஐடிலிங்கில் மோனாக்சைடு 0.39, ஹைட்ரோகார்பன் 240. உயர் வேகத்தில் மோனாக்சைடு 0.32, லாம்டா 1.06. நான்கு இடத்திலும் தோல்வி.

சீட்டை மட்டும் பார்த்தால் ஒரு முரண் கண்ணில் படும். லாம்டா ஒன்றுக்கு மேலே போனால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். அப்படியானால் மோனாக்சைடு குறைய வேண்டும். இங்கே இரண்டும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன. கலவையில் பெட்ரோல் குறைந்தும் கூடியும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. அப்படிக் காட்டினால் கேஸ் அனலைசருக்கு வரும் புகையில் எஞ்சின் அனுப்பாத காற்று எங்கோ கலக்கிறது.

சீட்டில் அச்சாகாத இரண்டு எண்கள் அனலைசர் திரையில் இருக்கும்: கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜனும். இவற்றைக் குறித்துக்கொள்ளாமல் மையத்தை விட்டு வரக் கூடாது, கேட்டால் காட்டுவார்கள். இங்கே டை ஆக்சைடு 13.8 சதவீதம், ஆக்சிஜன் 1.4 சதவீதம். கலவை சரியாக எரியும் பெட்ரோல் எஞ்சினில், கன்வெர்ட்டருக்குப் பின் டை ஆக்சைடு 15-ஐ ஒட்டியும் ஆக்சிஜன் 0.3-க்குக் கீழேயும் இருக்க வேண்டும். 1.4 சதவீத ஆக்சிஜன் என்பது புகையில் ஏறக்குறைய 6 சதவீதம் வெளிக்காற்று கலந்திருப்பதற்குச் சமம். அந்த 6 சதவீதத்தைக் கழித்துப் பார்த்தால் உண்மையான லாம்டா 0.99-க்கு வந்துவிடுகிறது. மோனாக்சைடோ 0.34-க்கு ஏறுகிறது. ஆக, கசிவு ஒரு கோளாறு. அதற்கடியில் ஒளிந்திருக்கும் பெட்ரோல் மிகுதி இன்னொரு கோளாறு. முதலாவதைச் சரிசெய்தால் இரண்டாவது இன்னும் தெளிவாகத் தெரியும், சீட்டில் மோனாக்சைடு கூடத்தான் செய்யும். இந்த இடத்தில்தான் பல மெக்கானிக்குகள் குழம்பிப் போய், அடைத்த கசிவைத் திரும்பவும் பிரித்துப் பார்க்கிறார்கள்.

கசிவு எந்தப் பக்கம்?

எக்ஸாஸ்ட் குழாயில் அழுத்தம் எப்போதும் வெளிநோக்கியே இருப்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் புகையைத் தள்ளி முடித்ததும் பின்னாலேயே ஒரு உறிஞ்சல் அலை வருகிறது. ஐடிலிங்கில், குறிப்பாக அகலக் குழாயில், அந்த உறிஞ்சல் ஒரு ஊசித்துளை வழியாகக்கூட வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். 'சத்தமே இல்லை, கசிவு இருக்காது' என்ற வாதம் எடுபடாது.

துளை இருக்கும் இடத்தைப் பொறுத்து அறிகுறி மாறுகிறது. முதல் சென்சாருக்கு முன்னால், சிலிண்டர் ஹெட்டோடு ஹெடர் சேரும் கேஸ்கெட் பக்கமாகக் கசிந்தால், உள்ளே வரும் காற்றைச் சென்சார் பார்த்துவிடும். 'ஆக்சிஜன் அதிகம், பெட்ரோல் போதவில்லை' என்று இ.சி.யு. (எஞ்சினை நடத்தும் கணினி) நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டும். வால் குழாயில் லாம்டா கச்சிதமாக 1.00 காட்டும், ஆனால் மோனாக்சைடும் ஆக்சிஜனும் சேர்ந்தே உயர்ந்திருக்கும். ஓ.பி.டி. கருவியில் நீண்டகால எரிபொருள் திருத்தம் (இ.சி.யு. வழக்கமாகக் கூட்டியோ குறைத்தோ விடும் பெட்ரோலின் அளவு) கூட்டல் பக்கம் 10 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். சென்சாருக்குப் பின்னால் கசிந்தால் இ.சி.யு.வுக்கு எதுவும் தெரியாது. திருத்தம் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும், லாம்டா மட்டும் ஏறும்.

இந்த வண்டியில் நீண்டகாலத் திருத்தம் கூட்டல் 2 சதவீதம். ஆகவே தேட வேண்டியது சென்சாருக்குப் பின்னால்.

தேடும் முறை எளிது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஊதும் பக்கம் திருப்பிய வாக்குவம் கிளீனர் குழாயை வால் குழாயில் துணி சுற்றிச் செருகி ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்ப்பது. செருகி கிளாம்ப் போட்ட இணைப்பில் நுரை கொப்பளித்தது. நேர்க்குழாய் சைலன்சரின் உள்ளே போகும் வெல்டிலும் ஒரு முனையில் சிறு குமிழ்கள்.

கிளாம்பை இன்னும் இறுக்குவது தீர்வல்ல. குழாய் நசுங்கி வட்டம் கெட்டு, இன்னும் மோசமாகும். செருகுமுனையை வெட்டி எடுத்துவிட்டு, இரு பக்கமும் 8 மி.மீ. கனத்தில் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டை விளிம்பு) வைத்து, நடுவில் உலோகத் தகடு பதித்த கிராஃபைட் கேஸ்கெட் போடப்பட்டது. சைலன்சர் வெல்டு ஆர்கான் வெல்டிங்கில் மறுபடி ஓட்டப்பட்டது. கேஸ்கெட்டுக்குப் பதில் சிவப்பு சிலிகான் பேஸ்டை அப்பும் பழக்கம் நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் நிறைய. எக்ஸாஸ்ட் சூட்டில் அது கருகுவது ஒரு பக்கம் இருக்க, அதிலிருந்து வரும் சிலிகான் ஆவி ஆக்சிஜன் சென்சார் முனையிலும் கன்வெர்ட்டர் பூச்சிலும் கண்ணாடிபோல் படிந்துவிடும். பிறகு சென்சார் மந்தமாகும், மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

வால் முனையையும் சொல்ல வேண்டும். புகை எடுக்கும் கம்பி குழாய்க்குள் குறைந்தது 300 மி.மீ. போக வேண்டும். நான்கு அங்குல வாய் வைத்த அலங்காரக் குழாய்களில், வளைவு தட்டியோ சோம்பலாலோ, ஒரு சாண்கூடப் போவதில்லை. அந்த அகல வாய்க்குள் வெளிக்காற்று போய் வந்துகொண்டிருக்கும். எஞ்சினிலும் குழாயிலும் ஒரு குறையும் இல்லாமலே லாம்டா 1.05 காட்டி வண்டி விழும். கசிவில்லாமல் பொருந்தும் நீட்டிப்புக் குழாய் மாட்டி அதற்குள் கம்பியை விடச் சொல்லிக் கேட்கலாம், முறையான வழிதான் அது.

கசிவு அடைத்தபின் தனி அனலைசரில் பார்த்த உயர்வேக அளவுகள்: டை ஆக்சைடு 14.7, ஆக்சிஜன் 0.1, லாம்டா 0.99, மோனாக்சைடு 0.34. கணக்குப் போட்டது அப்படியே வந்தது.

சென்சார் பார்க்காத இரண்டு சிலிண்டர்கள்

லாம்டா 0.99 வரம்புக்குள்தான். ஆனால் மும்முனை கன்வெர்ட்டர் என்று சொல்லப்படும் இந்த வகை மோனாக்சைடை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். 0.1 சதவீத ஆக்சிஜனை வைத்துக்கொண்டு அது எதை எரிக்கும்? புத்தம்புதுக் கம்பெனி கன்வெர்ட்டரைக் கொண்டுவந்து மாட்டினாலும் இந்தக் கலவையில் மோனாக்சைடு மிச்சம் இருக்கும். கன்வெர்ட்டரைக் குறை சொல்வதற்கு முன் பெட்ரோல் ஏன் மிகுகிறது என்று பார்த்தாக வேண்டும்.

விடை அந்தச் சென்சார் நட்டில் இருந்தது. ஒன்றாம், நான்காம் சிலிண்டர் புகையை மட்டும் பார்த்து இ.சி.யு. நான்கு இன்ஜெக்டர்களுக்கும் ஒரே திருத்தத்தைக் கொடுக்கிறது. பல ஆண்டு ஓடிய வண்டியில் நான்கு இன்ஜெக்டரும் ஒரே அளவு பெட்ரோல் விடுவதில்லை, சில சதவீத வித்தியாசம் சகஜம். கம்பெனி மேனிஃபோல்டில் நான்கு புகையும் கலந்த இடத்தில் சென்சார் இருப்பதால் சராசரி சரியாக வரும். இங்கே இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் சற்றே அதிகம் குடித்தாலும் கேட்பாரில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தால் போதும். ஒன்றும் நான்கும் வெளிர்ப் பழுப்பு, இரண்டும் மூன்றும் கரி பூசியதுபோல்.

பின் சென்சாரின் ஸ்பேசரும் இதற்குத் துணைபோகிறது. பல கார்களில் பின் சென்சார் வெறும் காவல்காரன் அல்ல. முதல் சென்சார் காட்டுவதில் உள்ள சிறு பிழையை அதன் வோல்டேஜைப் பார்த்துத்தான் இ.சி.யு. திருத்திக்கொள்கிறது. ஸ்பேசருக்குள் புகை தேங்கி நிற்பதால் சென்சார் தாமதமாக, மழுங்கலாகச் சொல்கிறது. பி0420 கோடு (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற எச்சரிக்கை) வராமல் தடுத்த அதே ஸ்பேசர், கலவை சரியாவதையும் தடுத்தது.

நட்டை நான்கு குழாயும் சேர்ந்தபின் வரும் இடத்துக்கு மாற்றி வெல்டு செய்தார்கள். எம்18, 1.5 பிட்ச் மரை. சென்சார் கிடைமட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது, குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது குழாயில் இருக்கும் நீர்த்துளி சூடான பீங்கான் முனையில் பட்டு விரிசல் விடும். மரையில் மட்டும் ஆன்டி-சீஸ் பூச்சு, முனையில் படாமல். இறுக்கம் 40 முதல் 45 நியூட்டன் மீட்டர். இன்ஜெக்டர்கள் கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டன, பிளக்குகள் புதிது, ஸ்பேசர் குப்பைக்குப் போனது.

அளவுகள் இப்போது: உயர் வேகத்தில் மோனாக்சைடு 0.13, லாம்டா 1.00. அது பாஸ். ஐடிலிங்கில் மோனாக்சைடு 0.22, ஹைட்ரோகார்பன் 165. அதுவும் பாஸ்தான், ஆனால் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்த சூட்டில். வரிசையில் பதினைந்து நிமிடம் ஐடிலிங்கில் நின்றபின் எடுத்தால் 0.33, 225. திரும்பவும் தோல்வி.

சூடு ஏறாத கன்வெர்ட்டர்

கன்வெர்ட்டர் வேலை தொடங்க உள்ளே 250 முதல் 300 டிகிரி சூடு வேண்டும். ஹெட்டை ஒட்டி இருக்கும்போது அது ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே கிடைக்க ஆரம்பிக்கும், ஐடிலிங்கிலும் நிலைக்கும். ஒன்றேகால் மீட்டர் தள்ளி வைத்தால் புகை வழியெல்லாம் சூட்டை உதிர்த்துவிட்டு வருகிறது. மெல்லிய ஸ்டீல் ஹெடர் குழாய்கள் எஞ்சின் அறையிலேயே பாதியை உதறிவிடும். அதோடு 200 துளை வகையில் புகை உரசிப் போகும் பரப்பு குறைவு, பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எவ்வளவு இருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம். சிலவற்றில் வெறும் உலோகத் தேன்கூடுதான் இருக்கும், பூச்சு இருக்காது.

புதுப்பேட்டையிலோ வேறு பழைய சாமான் சந்தையிலோ கம்பெனி கன்வெர்ட்டர் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விலையுயர்ந்த உலோகத்துக்காக உள்கட்டியை உருவி எடுத்துவிட்டு ஓட்டை வெல்டு செய்து விற்பதும் நடக்கிறது. தட்டினால் டொங்கென்று காலிச் சத்தம் கேட்கும், ஆட்டினால் உடைந்த பீங்கான் குலுங்கும். மேல் ஓட்டில் கம்பெனி வெல்டுக்கு மேல் இன்னொரு வெல்டு கோடு தெரிந்தால் தொடவே வேண்டாம்.

வழி இரண்டு இருந்தது. 400 துளை கன்வெர்ட்டரை ஹெடர் முடியும் இடத்திலேயே வெல்டு செய்து, அதுவரை குழாய்க்கு வெப்பநாடா சுற்றுவது ஒன்று. கம்பெனி மேனிஃபோல்டைத் திரும்ப மாட்டுவது மற்றொன்று. முதல் வழியில் சோதனை பாஸாகும், ஆனால் வெப்பநாடா சுற்றிய மெல்லிய குழாய் இரண்டு மழைக்காலத்தில் விரிசல் விடும். அந்த விரிசல் எஞ்சின் அறைக்குள், ஏ.சி. வெளிக்காற்று எடுக்கும் வாய்க்குப் பக்கத்தில் விழுந்தால் மோனாக்சைடு கேபினுக்குள் வரும். சான்றிதழைவிட அது பெரிய விஷயம். 1.2 லிட்டர் எஞ்சினில் இந்த ஹெடர் கொடுத்த கூடுதல் சக்தியோ, 5,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் போனால்தான் உணரக்கூடியது. சிக்னலில் இருந்து கிளம்பும் இழுவையைக் கொஞ்சம் பறித்துக்கொண்டது என்பதுதான் உண்மை. இதற்காக மெனக்கெடத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

கம்பெனி மேனிஃபோல்டு-கன்வெர்ட்டர், புது கேஸ்கெட், இரண்டு சென்சாரும் அதனதன் இடத்தில், நடுக் குழாயும் பழைய அளவுக்கு. சைலன்சரை மட்டும் தொடாமல் முதலில் அளந்தார்கள், ஏனென்றால் பழி விழுந்ததே அதன்மேல்தானே. வரிசையில் நிற்க வைத்து எடுத்த அளவு: ஐடிலிங்கில் மோனாக்சைடு 0.01, ஹைட்ரோகார்பன் 20. உயர் வேகத்தில் மோனாக்சைடு 0.01, லாம்டா 1.00. கன்வெர்ட்டருக்குப் பின்னால் கசிவில்லாமல் மாட்டிய சைலன்சர் புகை அளவை அசைக்காது. குற்றம் முழுக்க முன்பாதியில் இருந்தது.

பலிக்காத குறுக்கு வழிகள்

வால் குழாயில் சிறு துளை போட்டுப் புகையை நீர்க்கச் செய்வது பழைய பி.எஸ்.2, பி.எஸ்.3 கார்களில் ஓரளவு நடந்தது. லாம்டாவைச் சோதனையில் வைத்திருப்பதன் ஒரு பயன் இதைப் பிடிப்பதுதான். மேலே பார்த்தபடி 6 சதவீதக் காற்றுக்கே அது 1.06-க்குத் தாவிவிடுகிறது. மோனாக்சைடு 0.34-ஐ 0.2-க்கு இறக்க நாற்பது சதவீதத்துக்கு மேல் காற்று கலக்க வேண்டும். வாக்குவம் ஹோஸைக் கழற்றி விடுவதும் வீண். முதல் சென்சார் அதைப் பார்த்து நொடிகளில் பெட்ரோலைக் கூட்டி ஈடுகட்டிவிடும். டேங்கில் தின்னர் ஊற்றுவது பெட்ரோல் பம்ப்பின் ரப்பரைத் தின்னும், கன்வெர்ட்டரைச் சூடாக்காது.

ஆக்சிலரேட்டரை விட்டதும் படபடவென்று வெடிக்கும் ரிமேப் தனி ரகம். அந்தச் சத்தம் வர பெட்ரோல் குழாய்க்குள் போய் எரிய வேண்டும். கன்வெர்ட்டரின் பீங்கான் கட்டி சுமார் 1,400 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே பூச்சு செத்துவிடும். இந்த ரிமேப் உள்ள வண்டியில் புதுக் கன்வெர்ட்டர் போடுவதற்கு முன் பழைய மேப்பை ஏற்றிவிட வேண்டும்.

டீசல் வண்டிகளுக்குச் சோதனையே வேறு. அங்கே பார்ப்பது புகையின் கருமையை. பி.எஸ்.4 டீசலுக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் (புகைக் கருமையின் அலகு), அதற்கு முந்தையவற்றுக்கு 65.

சட்டம் சொல்வது

பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்குச் சான்றிதழ் 12 மாதம் செல்லும். அது இல்லாமலோ மீறியோ ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ. லைசென்சும் மூன்று மாதம் முடங்கும். 2021-ல் நாடு முழுக்க ஒரே வடிவச் சான்றிதழும் நிராகரிப்புச் சீட்டும் வந்தபின் இவை தேசிய வாகனப் பதிவேட்டோடு இணைந்துவிட்டன. ஒரு மையத்தில் விழுந்ததை அடுத்த தெரு மையத்தில் மறைக்க முடியாது.

புகையில் பாஸானதால் சைலன்சர் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைப் பிரிவு 52 தடுக்கிறது. 182ஏ(4)-ன்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சத்தம் தனி வழக்கு. அளவு எடுத்து முடித்ததும் அந்த நேர்க்குழாய் சைலன்சரும் கழன்றது.

இந்த வண்டி எளிதாகத் தப்பியதற்கு ஒரே காரணம், கழற்றிய கம்பெனி மேனிஃபோல்டைப் பரணில் போட்டு வைத்திருந்தார்கள். ஹெடர் போடும் கடையில் 'பழையதை நாங்களே எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்கிறோம்' என்பார்கள். கொடுக்காதீர்கள். புதிதாக ஷோரூமில் வாங்கப் போனால் அதன் விலை பல பத்தாயிரம் ரூபாய். வைத்திருக்கும்போது இரு முனையையும் துணியால் அடைத்து, நிற்கும் நிலையில் வைக்க வேண்டும். பீங்கான் கட்டி ஒரு முறை கீழே விழுந்தாலே நொறுங்கும்.